ஒப்பீட்டுக்கு எடுத்த ரத்தம்

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒதுக்கப்பட்ட பயிர் ஆமணக்கு. நான் கேட்டிருந்தது நெல். முதுகலைப் படிப்பில் நெல் விதையின் புரதங்களில்தான் வேலை செய்திருந்தேன். ஆனால் காலியாக இருந்த இடம் ஆமணக்குப் பிரிவில். மூன்று வருடத்துக்கு வேறு பயிருக்கு மாற்றல் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த காலம் அது. பயிர் மரபியல் படித்த பெண்ணுக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் நிரந்தர வேலை கிடைப்பதே பெரிது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தது. அப்பா ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டினார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காலையில் இரண்டு பஸ் மாறி, நகரத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரை நீண்டு கிடந்த எங்கள் பண்ணைக்கு எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆமணக்கை எங்கள் பக்கத்தில் கொட்டமுத்து என்பார்கள். மஞ்சள் காட்டுக்கு வரப்போரமாக நான்கு செடி வைப்பார்கள். இங்கே ஏக்கர் கணக்கில் நின்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சேகரித்த இருநூறுக்கு மேற்பட்ட ரகங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றை ஒன்றோடொன்று கலந்து புதிய ஒட்டு ரகம் உருவாக்குவது என் பொறுப்பு.

ஆமணக்குக் குலையில் பெண் பூக்கள் மேலே இருக்கும், ஆண் பூக்கள் கீழே இருக்கும். கலப்புச் செய்ய வேண்டுமென்றால் ஆண் மொட்டுகள் விரிவதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிட்டுக் குலையைக் காகித உறையால் மூடிவிட வேண்டும். வெயில் ஏறினால் ஆண் பூ வெடித்து மகரந்தம் தூளாகப் பறக்கும். சூரிய வெளிச்சத்தை எதிர்த்துப் பார்த்தால் மஞ்சள் புகைபோல் தெரியும். ஆடிக் காற்று அடங்கி முதல் பூ வந்த வாரத்தில் எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. கண் அரித்தது. இரண்டாம் வாரம் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விடத்தான் முடியவில்லை. வீங்கிய பலூனை உள்ளே வைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரும் ஒரு பெண். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடிதம் கொடுத்து ஒரே வருடத்தில் அலுவலகப் பக்கம் மாறிப் போனவர். அவரைப் பற்றிய கேலி நான் சேர்ந்தபோதும் ஓயவில்லை. துறைத் தலைவர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாளே அவர் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னது, "போன மேடம் மாதிரி நீங்களும் வெயில் ஒத்துக்கலன்னு லெட்டர் எழுதிப்போடாதீங்க." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

கலப்பு வேலையில் என்னோடு இருந்தவர் தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருடமாக ஆமணக்கில்தான் வேலை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். கணவர் இல்லை. மகள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை மேடம் என்றார். ஒரு குலையில் ஆண் மொட்டு எது, பெண் மொட்டு எது என்று நான் கண்ணாடியைப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் விரல் பத்துக் குலையை முடித்திருக்கும். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். வெயிலுக்காக என்று நினைத்தேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள் என் எடை நான்கு கிலோ குறைந்தது. பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு தடவை நின்று நின்று போனேன். ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குத் தெரியாமல் கோட்டைமேட்டில் ஓர் அலர்ஜி டாக்டரைப் பார்க்கப் போனேன். கீழே அத்தர்க் கடை, மேலே குறுகலான மரப்படி ஏறினால் கிளினிக். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் கீறிப் பார்த்தார். வீட்டுத் தூசி, பார்த்தீனியம், கரப்பான் எதற்கும் ஒன்றும் எழவில்லை. என்ன வேலை என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் அந்த விதையையும் பூத்தூளையும் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னார்.

கொண்டு போனேன். விதையில் விஷமும் சேர்ந்திருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே சாற்றைப் பல மடங்கு நீர்க்கச் செய்தார். ஏதாவது ஆனால் உடனே போடப் பக்கத்தில் ஓர் ஊசி மருந்தைத் தயாராக ஏற்றி வைத்துவிட்டுத்தான் கீறினார். ஐந்து நிமிடத்தில் அந்த இடம் வெளுத்துத் தடித்தது. பத்து நிமிடத்தில் முழங்கை வரை சிவந்தது. ஒரு மணி நேரம் என்னைப் போக விடவில்லை.

"இந்த வேலைய உட்டுப்போடுங்க அம்மணி," என்றார். "மருந்து நான் தரலாம். ஆனா நீங்க தெனமும் போயி அதுக்குள்ளயே நிக்கிறீங்க."

விட முடியாது என்றேன். மாற்றல் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருப்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயாளியை ஆமணக்கின் அருகில் வேலை செய்ய விடக் கூடாது என்று இருந்தது. அதை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன். எட்டு மாதம் அங்கேயே இருந்தது.

வீட்டிலும் சொல்ல வழியில்லை. இன்ஹேலரை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பல்லடத்தில் தறி வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். வீசிங் இருக்கிறது என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அம்மா கேட்டார். அன்றிலிருந்து இன்ஹேலர் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் போனது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா எடுத்துக் கொடுப்பார், திரும்பியதும் வாங்கி உள்ளே வைப்பார். வீட்டில் விருந்தாளி இருந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் மருந்தை உறிஞ்சுவேன். பண்ணையிலும் மறைப்பு, வீட்டிலும் மறைப்பு. பஸ்ஸில் போகும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் நான் தாராளமாக இருமினேன்.

அந்தக் குடும்பத்துப் பையன் வந்து பார்த்த அன்று ஐந்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அதெல்லாம் ஒன்றுமில்லைங்க என்றார். பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. நான் சொல்லிவிட்டது தெரிந்து அம்மா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இரண்டாம் வருடம் அறுவடை முடிந்து விதை அறையில் உட்கார்ந்தோம். காய்ந்த காய்களை உடைத்து, ரகம் ரகமாக விதையைப் பிரித்து, பையில் போட்டு அட்டை கட்டும் வேலை. அட்டைகள் பறந்துவிடும் என்று மின்விசிறியைப் போட மாட்டோம். அணில் வரும் என்று ஜன்னலையும் அடைத்திருப்போம். மூன்றாம் நாள் மதியம் எனக்கு மூச்சு முழுவதுமாக அடைத்துக்கொண்டது. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. அக்காதான் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். மோட்டார் அறைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, என் பைக்குள் கைவிட்டு இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, மூடியைக் கழற்றி என் வாயில் வைத்து அழுத்தினார். மூன்று தடவை, இடையில் நேரம் விட்டு. சரியாகச் செய்தார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

துறைத் தலைவர் ஓடி வந்தார். அவர் வந்தபோது என் உதடு நீலம் பாரித்திருந்ததாம். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். முதல் நாள் சொன்ன கேலி அவருக்கு நினைவில்லை.

ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விதையில் இருக்கும் ஏதோ ஒரு புரதம்தான் என்னை இப்படிச் செய்கிறது. இருநூறு ரகத்தில் ஏதாவது ஒன்றில் அந்தப் புரதம் இல்லாமல் இருக்கலாம். இருந்தால் அதை வைத்து, எண்ணெய் ஆலைகளிலும் காட்டிலும் யாரையும் இரும வைக்காத ஓர் ஆமணக்கை உருவாக்கலாம். அதைத் தேடும் வேலை ஆய்வகத்துக்குள் நடக்கும், வயலுக்குப் போக வேண்டாம். உண்மையைச் சொன்னால், அறிவியல் ஆர்வம் இரண்டாவதுதான். கதவு தேடிக்கொண்டிருந்தேன், இது ஒரு கதவு மாதிரித் தெரிந்தது.

தலைவருக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. டெல்லிக்கு அனுப்பிய திட்டத்துக்கு அனுமதி வந்தது. புரதங்களைப் பிரிக்க ஜெல் ஓட்டும் பெட்டி, குளிரூட்டி, பிறகு ஜீன்களைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பெங்களூரில் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வயல் மரபியலாளராகச் சேர்ந்த நான் மூலக்கூறு உயிரியலாளர் ஆனது இப்படித்தான். விதையை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு வேறொருவர் அரைப்பார். சாறு மட்டும் என்னிடம் வரும்.

இந்தச் சோதனைக்கு முக்கியமான பொருள் ஒன்று தேவை. அலர்ஜி உள்ள ஒருவரின் ரத்தம். அதன் தெளிந்த நீரில், சீரத்தில், குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கும். விதைப் புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து, அதை அந்தச் சீரத்தில் ஊற வைக்க வேண்டும். எந்தப் புரதத்தில் ஒட்டுகிறதோ அந்த இடம் கடைசியில் ஊதா நிறமாகத் தெரியும். யாருடைய ரத்தம் என்ற கேள்வியே எழவில்லை. கோட்டைமேட்டு டாக்டரின் கிளினிக்கில் மாதம் ஒரு தடவை கை நீட்டினேன்.

முதல் தாளில் நிறம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைத் தாளின் அடிப்பக்கத்தில் மெல்லிசாக ஒரு ஊதாக் கோடு எழுந்தது. நான் இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அங்கே எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. பக்கத்து அறைகளில் இருந்து வந்து பார்த்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தது. நெல் பிரிவில் ஓர் இடம் காலியானது. விண்ணப்பத்தை எழுதித் தலைவரிடம் கொண்டு போனேன். படித்துவிட்டு மேஜையில் வைத்து, அதன் மேல் கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார்.

"உங்க ரத்தம் இல்லாம இந்தப் புராஜெக்டே இல்லீங்களே," என்றார். "இன்னும் நூத்திச்சொச்சம் ரகம் பாக்கி இருக்குது. முடிச்சுட்டுப் போங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

இன்னொன்றும் கேட்டார். டாக்டர் எனக்கு ஊசி மருத்துவம் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார். சிறிது சிறிதாக அதே புரதத்தை உடம்பில் ஏற்றிப் பழக்குவது. அதைத் தொடங்கினால் என் சீரத்தின் தன்மை மாறிவிடலாம், முன்பு எடுத்த முடிவுகளோடு ஒப்பிட முடியாது, ஆகவே திட்டம் முடியும் வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். கட்டாயப்படுத்தவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார். நான் யோசிக்காமலேயே சரி என்றேன். ஏன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். திட்டத்தை எழுதியவள் நான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் என்னிடமே சொல்ல வேண்டும். நான் தேடிக் கண்டுபிடித்த கதவு முன்னதைவிடச் சின்ன ஓர் அறைக்குள்தான் திறந்திருந்தது. உடம்பு குணமாகக் கூடாது என்பது இப்போது என் வேலையின் ஒரு பகுதி.

அந்த வருட ஆய்வுக் கூட்டத்தில் ஒரு குறை சொன்னார்கள். ஒருவருடைய சீரத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒப்பீட்டுக்கு ஆமணக்கே தெரியாத ஒருவரின் ரத்தமும், ஆமணக்கிலேயே பல வருடம் இருந்தும் ஒன்றும் ஆகாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். முதலாவதுக்கு எங்கள் அலுவலகத் தட்டச்சர் சம்மதித்தார். இரண்டாவதுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அக்காவிடம் போய்க் கேட்டேன். பத்து வருடத்துக்கு மேலாக இதிலேயே இருந்தும் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், அதனால்தான் உங்களுடையது வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த மொட்டைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "எடுத்துக்கங்க மேடம்," என்றார்.

மூன்று தாள்களையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்து ஊற வைத்தேன். தட்டச்சரின் தாள் வெள்ளையாகவே இருந்தது. என்னுடையதில் வழக்கமான கோடு. அக்காவின் தாளில் அதே இடத்தில், என்னுடையதைவிட இரண்டு மடங்கு அடர்த்தியாக, ஒரு கோடு எழுந்தது. குழாய்களை மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பெயர்ச் சீட்டுகளைச் சரிபார்த்துவிட்டு மறுநாள் திரும்பச் செய்தேன். அதே கோடு. மூன்றாம் தடவை செய்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் செய்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவை மோட்டார் அறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். உங்களுக்கும் எனக்கு இருப்பது இருக்கிறது, என்னைவிட அதிகமாக இருக்கிறது என்றேன்.

"தெரியுமுங்க மேடம்," என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். வேலைக்கு வந்த மூன்றாம் வருடத்திலிருந்து என்றார். பூப் பருவத்தில் தினமும் ஒரு மாத்திரை போடுவாராம். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டினார். குட்டி வெள்ளை மாத்திரை, மருந்துக்கடையில் சீட்டில்லாமலே தருவார்கள். எனக்கு அது என்ன என்று தெரியும். ஸ்டீராய்டு. அவர் முகம் எப்போதும் உப்பியிருந்ததை நான் நல்ல சாப்பாட்டின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுற்றிய அந்தத் துணிக்குள் ஈரத் துண்டு வைத்திருந்தார். மகளுக்கும் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இன்ஹேலர் பிடிக்கத் தெரிந்தது அப்படித்தான்.

பிறகு ஏன் ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்றதுங்க?" மாத்திரையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார். "இத்துனூண்டு ரத்தத்துல எல்லாம் தெரிஞ்சுபோகும்னு எனக்குத் தெரியாதுங்க மேடம். யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா கூலிப் பதிவுல இருந்து பேர எடுத்துப்போடுவாங்க. உங்களுக்கு லேப் இருந்துச்சு. எனக்கு என்ன இருக்குது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலையைச் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. எனக்கு மூச்சு அடைத்தபோது பண்ணையே ஓடி வந்தது. டெல்லியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. அவர் நான் வருவதற்கு முன்பே ஏழெட்டுப் பருவமும், பிறகு என் பக்கத்திலேயே எட்டு அடி தூரத்திலும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறார். அலர்ஜியையே ஆராய்ந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

தலைவரிடம் பொய் சொன்னேன். குளிரூட்டி நின்றுபோனதில் அந்தச் சீரம் கெட்டுவிட்டது என்றேன். மின்வெட்டு சாதாரணமாக இருந்ததால் நம்பினார். வேறு ஒருத்தரிடம் எடுங்கள், எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றார். அக்காவைச் சேர்த்துப் பதினோரு பேர் வேலை செய்தார்கள். மற்றப் பத்துப் பேரில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். தாளில் என்ன தெரியுமோ என்ற பயம் எனக்கு. தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்ட சோதனைகளில் இப்போதும் உறுத்துவது அந்தப் பத்துப் பேருடையது.

அக்காவைக் கோட்டைமேட்டுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று எச்சரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் விதத்தை எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கும் ஓர் இன்ஹேலர் வந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஒரு ஆள் வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். காரணம் எழுத முடியாததால் அந்தக் கடிதத்துக்குப் பலமில்லை. தினக்கூலிப் பதிவில் அப்படி ஒரு வேலை இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி திரும்பி வந்தது. ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. நான் ஆய்வகத்தின் மூடிய ஜன்னலுக்கு உள்ளே நின்று, வெளியே முகத்தில் துணி சுற்றிக்கொண்டு குலைகளுக்கு நடுவே போகும் அவரைப் பார்ப்பேன். அவர் கிள்ளி எடுக்கும் ஒவ்வொரு மொட்டும் என் திட்டத்துக்காக.

ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரும் கோலத்தில் இல்லாமல் நல்ல சேலையில் வந்து ஆய்வக வாசலில் நின்றார். அண்ணன் மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள், துணி சரிபார்க்கும் செக்கிங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறாள், மகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று என்றார்.

"நீங்க மறுபடி மறுபடி லெட்டர் எழுதறீங்கன்னு கிளார்க்கு சொன்னாருங்க," என்றார். "போதுமுங்க மேடம். போயிட்டு வாரேன்."

போய்க் கடிதம் போடுங்கள் என்ற மாதிரி ஏதோ சொல்லியிருப்பேன். அவர் போன பிறகு கலப்பு வேலைக்கு இரண்டு புதுப் பெண்களை எடுத்தார்கள். இருவருக்கும் இருபது வயதுகூட இருக்காது.

அந்த வாரமே நான் தலைவர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சீரம் கெடவில்லை, பொய் சொன்னேன் என்று மூன்று தாள்களையும் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை, புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அந்தம்மா என்னோட முதல் ஒட்டு ரகத்துக்குக் கலப்புப் பண்ணுனவங்க," என்று மட்டும் சொன்னார். அடுத்த பருவத்தில் எல்லாப் பெண்களுக்கும் முகமூடி வாங்கினார்கள். புதிதாகச் சேர்பவர்களை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் எழுதிய குறிப்பு கோப்பில் ஏறியது. அதன்படி யாரையும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகும் நான் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். அக்கா வெளியே போய்விட்டார், நான் உள்ளே. இடையில் ஒருமுறை பல்லடம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முகத்தில் உப்பல் வடிந்து கன்ன எலும்பு தெரிந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை. பஞ்சுத் தூசி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஜன்னலோர இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றார். வாய்விட்டுக் கேட்டு ஒன்றை வாங்கியதை அவர் சொன்ன விதத்தில் சின்னப் பெருமை இருந்தது. என் பஸ் கிளம்பும்போது, "நீங்க இன்னும் அங்கயேதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இருநூறு ரகத்தையும் முடித்தேன். எல்லாத் தாளிலும் அதே கோடு. சிலவற்றில் மங்கலாக, சிலவற்றில் அடர்த்தியாக, ஆனால் இல்லாமல் ஒன்றுகூட இல்லை. அந்தப் புரதத்தை உருவாக்கும் ஜீனையும் இலையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாச் செடியிலும் இருந்தது. தேடியது கிடைக்கவில்லை என்பதுதான் நான் எழுதிய கடைசி அறிக்கை. அதில் இரண்டாவது சீரம் பற்றியும் எழுதினேன்: பத்தாண்டுக்கு மேல் வயலில் வேலை செய்த பெண், நோய் அறியப்படாமல் இருந்தது, எதிர்வினை மிக வலுவானது. பெயர் போடவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் யாரும் அந்த வரியைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. புது ரகம் ஏன் வரவில்லை என்றுதான் கேட்டார்கள்.

தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாற்றல் ஆணையில் அவரே கையெழுத்துப் போட்டார். அதே மாதம் கோட்டைமேட்டில் ஊசி மருத்துவத்தைத் தொடங்கினேன். வாரம் ஒரு ஊசி, இரண்டு வருடத்துக்கு. அதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. கணவருக்கு எல்லாம் தெரியும். கிளினிக் படிக்குக் கீழே அத்தர்க் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்.

நெல் பிரிவில் சேர்ந்த அன்று அங்கே தலைவராக இருந்தவர் ஒரு பெண். கிணத்துக்கடவுக்காரர், விவசாயக் குடும்பம், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை. ஜீன் அடையாளங்களை வைத்து ரகம் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு என்றார். பிறகு, வயலுக்கும் போக வேண்டியிருக்கும், உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆமணக்கு, விசில், கடிதம், விதை அறை, என் ரத்தம், அக்காவின் ரத்தம், பத்துப் பேரைக் கேட்காமல் விட்டது என்று எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். நான் முடித்ததும் அவர் என் பணிக் கோப்பைத் திறந்து அதை இரண்டு வரியில் எழுதினார்.

"நெல்லு பூக்கறப்ப உங்களுக்கு எப்படின்னு முதல்ல பாத்துக்குவோம்," என்றார். "உக்காருங்க."